மடிக்காத வீடு

மணி ஆறரை ஆகியிருக்கும். பால் வண்டி போய்விட்டது, எதிர்ச்சாரி டீக்கடையில் பாய்லர் சீறுகிறது, பேங்க் வாசலில் தண்ணீர் அடித்துக் கழுவுகிற சத்தம் கேட்கிறது, இந்நேரம் வீடு மடிந்திருக்க வேண்டும். தேசம்மாவின் கை பரபரத்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்த நேரத்துக்கு நீலத் தார்ப்பாயின் நான்கு மூலைக் கயிறுகளையும் அவிழ்த்து, உதறி, இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து, பாய்களைச் சுருட்டி, பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, எல்லாவற்றையும் டிரான்ஸ்பார்மர் மேடைக்கும் பேங்க் சுவருக்கும் நடுவே இருக்கிற ஒண்ணரையடி சந்தில் திணித்துவிட்டு, தென்னந்துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் ஆறே முக்காலுக்கு அங்கே வெறும் நடைபாதை, ராத்திரி இருவர் படுத்திருந்த சூடுகூட மிச்சம் இருக்காது. கை அதைத் தானாகச் செய்யும், மனசைக் கேட்காது. இன்றைக்கு மனசு சொல்கிறது, மடிக்காதே. கை கேட்கமாட்டேன் என்கிறது, அது பாட்டுக்கு எழுந்து கயிற்று முடிச்சைத் தடவுகிறது. சீ, சும்மா இரு என்று அவள் கையைப் பிடித்து இழுத்து, பூண்டுக் கூடையை முன்னால் வைத்து, இந்தா இதைச் செய் என்று கொடுத்தாள். ஓட்டலுக்கு ஐந்து கிலோ உரிக்க வேண்டும். முதல் பல்லைக் கிள்ளியதும் நகக்கண்ணில் சுருக்கென்று ஏறியது எரிச்சல். நல்லது. எரியட்டும். எரிகிற கை வேறெதையும் நினைக்காது. பத்து மணிக்கு மேல்தான் கணக்கெடுக்க வருவார்களாம். பத்து மணி வரைக்கும் இந்த வீடு நிற்க வேண்டும், அவ்வளவுதான், மூன்றரை மணி நேரம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பகலையாவது பார்த்திருக்கிறதா இந்த வீடு?

போன தை மாசம் வந்தபோதே பார்த்திருக்க வேண்டியவர்கள். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. வீடில்லாதவர்களுக்கு வீடு, இரண்டு தெரு தள்ளி, பழைய லாரி ஷெட் இருந்த இடத்தில் மாநகராட்சியே கட்டுகிற நாலு மாடி, நாளைக்குக் கணக்கெடுக்க வருகிறார்கள் என்று கவுன்சிலர் ஆள் முந்தின நாள் சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் என்ன செய்வார்கள்? வீட்டைச் சுத்தம் செய்வார்கள். அந்த நடைபாதையின் ஐந்து குடும்பமும் அதைத்தான் செய்தது. விடிவதற்கு முன்பே எல்லாவற்றையும் மடித்து ஒளித்து, எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அவள்தான், வேறு யாருமில்லை, அவளேதான் உட்கார்ந்து பதினொரு புள்ளிக் கோலம் போட்டாள். டீக்கடையில் நாற்காலி இரவல். அதிகாரிக்குக் கலர் சோடா. நீலச் சட்டை போட்ட மெலிந்த மனுஷன், வந்தார், உட்கார்ந்தார், சோடாவைக் குடித்தார். இங்க யாராவது தங்குறாங்களா? நாங்கதான் சார். எங்க? இங்கதான் சார். அவர் கோலத்தைப் பார்த்தார். இதுலயா? எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை, மீன்முள் மாதிரி குறுக்கே நிற்கிறது. பிரிச்சுக் காட்டட்டுமா சார் என்று கேட்டதற்கு, டெமோ எல்லாம் வேணாம்மா என்று கையை ஆட்டினார். கையிலிருந்த போனை உயர்த்திப் படம் எடுத்தார். என்ன விழுந்திருக்கும் அந்தப் படத்தில்? கழுவின சிமெண்ட். ஒரு கோலம். இரண்டு மாசம் கழித்து வார்டு ஆபீஸில் ஒட்டின காகிதத்தில் இந்த நடைபாதைக்கு நேரே ஒரே வரி. குடியிருப்பு ஏதும் காணப்படவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தவள் நம்பாமல், உள்ளே இருந்த குமாஸ்தாவை அழைத்து வந்து படிக்கச் சொன்னாள். அவரும் அதையே படித்தார். காணப்படவில்லை. ஊசி காணவில்லை என்றால் தேடுவார்கள், கோழி காணவில்லை என்றால் தெருவெல்லாம் கேட்பார்கள். ஐந்து குடும்பம் காணப்படவில்லை என்றால் கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடிவிடுவார்களா?

மூடவிடவில்லை அவள். நான்கு திங்கட்கிழமை, நான்கு மனு. நான்காவது தடவை கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி தலையை நிமிர்த்திக் கேட்டாள். ஆள் இருந்தா மட்டும் பத்தாதும்மா, நாங்க எழுதுறது குடியிருப்பு, அது கண்ணுல தெரியணும். அப்ப ராத்திரி வாங்கம்மா, தெரியும் என்றாள் தேசம்மா. ராத்திரி எடுக்கிறது வீடில்லாதவங்க காப்பகக் கணக்கு, அது வேற செக்‌ஷன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேல மறுபடி ஆள் அனுப்புறேன், இதுதான் கடைசி, அதோட பட்டியல் மூடிடும். சரி என்று வந்துவிட்டாள். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அதே நினைப்பு. பகலில் தெரியணும். பகலில் தெரியக் கூடாது என்றுதானே இத்தனை வருஷம் பிழைத்தோம்.

"இன்னும் மடிக்கலியா?" சுகுணா. கட்டணக் குளியலறையில் குளித்து அங்கேயே ஜவுளிக்கடைப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஈரத்தலையில் துண்டோடு வந்து நிற்கிறாள், அரக்குப் புடவை, மஞ்சள் கரை, கடையில் எல்லாப் பெண்களுக்கும் அதே புடவை. பத்தொன்பது வயசு. இந்தத் தார்ப்பாய்க்குக் கீழேயிருந்து இப்படி மடிப்புக் கலையாமல் ஒரு பெண் தினமும் கிளம்பிப் போகிறாள், அதை யார் எழுதினார்கள்? "மடிக்கல." "மணி ஏழாவுது." "ஆவட்டும்." "யம்மா, எங்க கடைப் புள்ளைங்க அத்தினியும் இந்த வழியாத்தான் பஸ்ஸுல வரும். ஜன்னலாண்ட குந்திக்கினு பாத்தா என் சுடிதாரு கொடியில தொங்குறது தெரியும்." "துணி தொங்காத வூட்ட எவன் வூடும்பான்?" "நான் காம்பவுண்டு வூடுன்னு சொல்லி வெச்சிருக்கேன்." "பொய்யா சொன்ன? காம்பவுண்டு சொவரு தோ இருக்குது, வூடு தோ இருக்குது." சுகுணாவின் உதடு ஒரு பக்கம் இழுத்தது, சிரித்துவிடுவாள் போலிருந்தது, சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது. கொடியிலிருந்து நீலச் சுடிதாரையும் உள்பாவாடையையும் வெடுக்கென்று உருவி, மூட்டைக்குள் திணித்தாள். "உனக்கு வெக்கமே இல்லியா?" என்று கேட்டுவிட்டு, டிபன் டப்பாவை எடுக்காமல் போனாள். முதுகு நிமிர்ந்து, அந்தப் பெரிய ரோட்டை இரண்டு பக்கமும் பார்க்காமல் கடந்து போனாள். வெக்கமில்லையா. இருக்குதுடி. நிறைய இருக்குது. அதை மடித்து மடித்துத்தானே இருபத்திரண்டு வருஷம் இந்தச் சந்தில் வைத்திருந்தேன். பூண்டுத்தோல் காற்றில் எழும்பிப் புடவையில் ஒட்டியது. தட்டிவிடவில்லை.

வெயில் சுவரிலிருந்து இறங்கித் தார்ப்பாயில் விழுந்ததும் உள்ளே நீல வெளிச்சம் பரவியது, அவள் திரும்பிப் பார்த்துத் திகைத்துப்போனாள். இந்த வெளிச்சத்தை அவள் பார்த்ததே இல்லை. இரண்டு பாய், ஒரு தலையணை, ஸ்டவ், ஐந்து பாத்திரம், சுவரில் ஆணியடித்து மாட்டின கண்ணாடி, சங்கிலி போட்ட டிரங்குப் பெட்டி, எல்லாம் நீலத்தில் மிதந்தன, தண்ணீருக்கடியில் யாரோ குடித்தனம் வைத்த மாதிரி. அழகாகத்தான் இருக்கிறது. மாசிலாமணி இருந்திருந்தால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நடுவில் நின்று, இன்னா தேசம், பங்களா கணக்கா கீது என்றிருப்பான். மீன்பாடி வண்டி மிதித்து மிதித்துக் காமாலையில் போய்ச் சேர்ந்தான், அப்போது சுகுணாவுக்கு நாலு வயசு. அவன் இருந்தவரைக்கும் ரோட்டுப் பக்கம் அவன் படுப்பான். அவன் போன அன்றிலிருந்து அவள். மகள் சுவரோரம், அவள் ரோட்டோரம், வலது பக்கமாக ஒருக்களித்து, முதுகு வண்டிகளுக்கு. ஒவ்வொரு லாரியும் முதுகுக்குள்ளேதான் வந்து பிரேக் போடுகிறது. தூக்கத்திலேயே தெரியும், இது தண்ணி லாரி, இது பஸ், இது குடித்துவிட்டு ஓட்டுகிறவன். குடித்தவன் வண்டி என்றால் தூங்கிக்கொண்டே மகளைச் சுவரோடு இன்னும் ஒரு விரற்கடை தள்ளுவாள். பதினைந்து வருஷமாகத் தள்ளித் தள்ளிச் சுவரே கொஞ்சம் உள்ளே போயிருக்கும். அந்த நாலு மாடியில் கிடைத்துவிட்டால் எந்தப் பக்கம் படுப்பது? ரோட்டுப் பக்கமே இருக்காதே. நாலு பக்கமும் சுவரென்றால் யாருக்கு முதுகு காட்டுவது? திடீரென்று பயம் வந்தது, இது என்ன கூத்து, கிடைக்காமல் போகிற பயம் போதாதென்று கிடைத்துவிடுகிற பயம். பூண்டைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

காப்பகத்தையும் பார்த்தாயிற்று. மழைக்காலத்தில் போய் மூன்று வாரம் இருந்தார்கள், சுகுணாவுக்கு அப்போது பதினாலு. குறை சொல்ல முடியாது, மின்விசிறி இருந்தது, சுடச்சுடச் சோறு போட்டார்கள், வார்டன் அம்மா நல்லவள். ராத்திரி எட்டுக்கு உள்ளே, காலை ஆறுக்கு வெளியே. அங்கேயும் மடிக்கத்தான் வேண்டியிருந்தது, அதுவும் இன்னொருத்தர் கடிகாரத்துக்கு. அக்கா பூங்காவனத்துக்கு நிஜ வீடே கொடுத்தார்கள், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கூவக்கரையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே எங்கோ ஏரிப் பக்கம், ஒன்பதாவது மாடி. அங்கேயிருந்து இரண்டு பஸ் மாறி இன்றைக்கும் பூண்டு உரிக்க இங்கேதான் வருகிறாள். கதவு நல்ல கதவுடி, தேக்கு மாதிரி கனமா கீது, கதவுக்கு அந்தாண்ட ஒண்ணுமே இல்ல என்றாள் ஒரு தடவை. அதைக் கேட்ட அன்றைக்கே தேசம்மா முடிவு செய்துவிட்டாள். தூரத்து மாடி வேண்டாம், ராத்திரிக் கூடம் வேண்டாம். ஓட்டல் இங்கே, மகள் வேலை இங்கே, மகளைப் பெற்ற ஆஸ்பத்திரி இங்கே, வீடும் இங்கே. கேட்பது அதிகமா? அதிகமென்றால் அதிகம்தான், கேட்கத்தான் கேட்பேன்.

"இன்னாடி தேசம், பொருட்காட்சி வெச்சிருக்கியா? டிக்கெட்டு எவ்ளோ?" பக்கத்து வீட்டு கெஜா. பக்கத்து வீடு என்றால் நாலடி தள்ளி. அவளும் மற்ற மூன்று குடும்பமும் வழக்கம்போல மடித்துவிட்டார்கள், மற்றவர்கள் வேலைக்குப் போயாயிற்று, கெஜா மட்டும் தன் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். "உனக்கு பாஸு, உள்ள வந்து பாரு" என்றாள் தேசம்மா. "நான் வரல தாயே. லாரிக்காரன் அள்ளினு போனா என்னாண்ட வந்து பாய் கேக்காத." "நீயும் பிரிடி. ரெண்டு வூடா தெரிஞ்சா தெருவு மாதிரி இருக்கும்." "உனுக்கு எழுதட்டும், அப்பால நான் பிரிக்கிறேன்." நியாயம்தான். கெஜாவின் பாத்திரங்களை இரண்டு தடவை மாநகராட்சி லாரியில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். அள்ளப்பட்டவளுக்குத்தான் அள்ளுகிற கை தெரியும்.

ஒன்பது மணிக்கு அந்தக் கையின் சொந்தக்காரர் வந்தார். துப்புரவு மேஸ்திரி தணிகாசலம், ஆரஞ்சுச் சட்டை, சைக்கிள். இந்த நடைபாதையை அவர் பதினாறு வருஷமாகப் பார்க்கிறார், அதாவது அவரவர் மடித்த பிறகு பார்க்கிறார். இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்று வாயைத் திறந்தபடி பார்த்தார். "தேசம்மா, இன்னா இது?" "வூடு." "வெளாடாத. பத்தரைக்கு லாரி வருது. ஆக்கிரமிப்பு எடுக்கச் சொல்லி மேலேர்ந்து போனு." "உங்க ஆபீசுலேர்ந்துதான் மேஸ்திரி வூட்டக் கணக்கெடுக்கவும் வராங்க." "அது வேற செக்‌ஷன்மா." "ஒரே பில்டிங்குதானே?" "மாடி வேற." தணிகாசலமே சிரித்துவிட்டார். கெட்டவரில்லை. மாசிலாமணி செத்தபோது மாலை வாங்கிவந்தவர். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, குரலைத் தாழ்த்தி, "நான் ஒரு வழி சொல்றேன் கேளு. இப்ப மடிச்சு வெச்சிரு. அவங்க வந்ததும் டக்குனு பிரிச்சுக் காட்டு. எனுக்கும் வம்பில்ல, உனுக்கும் வம்பில்ல" என்றார். கை உடனே எழுந்தது. அடப்பாவி, அதற்காகவே காத்திருந்ததுபோல எழுந்தது. நல்ல யோசனைதானே, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, பத்து நிமிஷத்தில் பிரித்துவிடலாம். பிரித்துக் காட்டலாம். காட்டலாம். அங்கேதான் இடித்தது. பிரித்துக் காட்டினால் அது வீடில்லை, வித்தை. யாராவது தன் வீட்டைப் பிரித்துக் காட்டுகிறார்களா, உங்கள் வீட்டில் காட்டுவீர்களா மேஸ்திரி, விருந்தாளி வந்ததும் சுவரை எழுப்புவீர்களா? இதையெல்லாம் சொல்லவில்லை அவள். "மடிக்கமாட்டேம்பா" என்றாள். "லாரி வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது." "பண்ணாத. நான் பண்றேன்." அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நேரம் ஓடவில்லை, பூண்டுத்தோல் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பேங்க்குக்கு வருகிறவர்கள் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மாள், ச்சே, ரோட்டையே பட்டா போட்டுக்கிறாங்க என்றாள். பார், நல்லாப் பார். அது என் தலையணை. எண்ணெய்க் கறை என் மகள் தலையில் வைக்கிற எண்ணெய். அது ஸ்டவ், திரி மாற்ற வேண்டும். இத்தனை நாள் உன் கண் நோகக் கூடாது என்று நான் எடுத்து ஒளித்தேன், நீ நான் இல்லையென்றே எழுதிவிட்டாய். முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு பார்வையும் தோலை உரித்தது. அதற்கு மேல் உரிக்கத் தோல் இல்லை போலிருக்கிறது, உள்ளே வெள்ளையாக, கெட்டியாக ஏதோ இருந்தது. ஒன்பதே முக்கால். ஜவுளிக்கடை திறந்திருப்பார்கள், அந்தப் பெண்கள் வருகிற பஸ்ஸெல்லாம் போயிருக்கும். அவள் எழுந்து மூட்டையிலிருந்து சுகுணாவின் நீலச் சுடிதாரை எடுத்தாள். தொங்கவிடாவிட்டால் தனிப் பெண் என்று எழுதுவார்கள், தனிப் பெண் என்றால் காப்பகம் போதும் என்பார்கள். தொங்கவிட்டால் மகள் ஒரு வாரம் பேசமாட்டாள். கொடிக்கும் மூட்டைக்கும் நடுவில் அந்தத் துணியோடு நின்றாள், கையில் மகளைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல. பேசாவிட்டால் போகட்டும். அந்த நாலு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இரு. உதறி, கொடியில் போட்டு, நுனியை இழுத்துவிட்டாள்.

பத்து அடித்து இருபது நிமிஷமாகியும் கணக்கெடுப்பவர்கள் வரவில்லை, லாரி வந்துவிட்டது. பச்சை லாரி, பின்பக்கம் யாருடையதோ ஒரு தள்ளுவண்டி தலைகீழாகக் கிடந்தது. நாலு பேர் குதித்தார்கள், பின்னாலேயே சைக்கிளில் தணிகாசலம். கெஜா மூட்டையை மடியோடு அணைத்துக்கொண்டு, "தேசம், சொன்னா கேளுடி, மடி, இப்பவே மடி!" என்று கத்தினாள். ஒருவன் மூலைக் கயிற்றைப் பிடித்து இழுத்தான், தார்ப்பாய் ஒரு பக்கம் சரிந்தது, நீல வெளிச்சத்தில் ஓட்டை விழுந்து வெள்ளை வெயில் உள்ளே கொட்டியது. ஓடிப்போய் அவன் காலைப் பிடிக்கலாம், கத்தலாம், மண்ணை வாரித் தூற்றலாம், அதெல்லாம் வெளியே நிற்கிறவர்கள் செய்வது. அவள் பூண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், ராத்திரி தான் படுக்கிற இடத்தில், பாயின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "மேஸ்திரி, நான் என் வூட்டுக்குள்ள கீறேன். அள்ளுறதுன்னா என்னையும் சேத்து அள்ளு." அடுத்த பல்லை எடுத்து உரித்தாள். பாதி சதை தோலோடு போயிற்று. கயிற்றைப் பிடித்தவன் தணிகாசலத்தைப் பார்த்தான். தணிகாசலம் சுவர்ப் பக்கமாகச் சுற்றி வந்து பாயின் ஓரத்தில் ஒரு காலை வைத்துக் குனிந்து, "எந்திரிம்மா, என் வேல போயிடும்" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். அந்தக் கால், சேறு காய்ந்த பெரிய ஷூ, சுகுணா தலை வைக்கிற இடத்தில் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டர் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. "இங்க தேசம்மாங்கிறது யாரு?" தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, ஹெல்மெட்டைக் கழற்றினால் முகமெல்லாம் வேர்வை, இருபத்தைந்து வயசு இருக்கும் பெண். தணிகாசலம் நிமிர்ந்து, "ஆக்கிரமிப்பு மேடம், அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவோம்" என்றார். அந்தப் பெண் லாரியைப் பார்த்தாள், சரிந்த தார்ப்பாயைப் பார்த்தாள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "எடுத்துட்டா நான் எதைப் பார்த்து எழுதுறது? இருங்க" என்றாள். பிறகு ரோட்டோரமாகவே நின்று போனை உயர்த்தினாள், படமெடுக்க. மறுபடியும் வெளியிலிருந்து. மறுபடியும் சிமெண்டும் கொஞ்சம் சாமானும். தேசம்மாவுக்குத் தொண்டையில் குறுக்கே நின்ற முள் அசைந்தது. "அங்கேர்ந்து எடுக்காத" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது, பேங்க் வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள். "வூட்டுக்கு வந்தா உள்ள வரணும். செருப்ப வுட்டுட்டு வாம்மா."

போனைத் தாழ்த்தி அந்தப் பெண் தன் காலைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள், எங்கே விடுவது, எது உள்ளே, எது வெளியே. தேசம்மா பூண்டு நாறும் விரலை நீட்டிப் பாய் முடிகிற கோட்டைக் காட்டினாள். ஒரு பஸ் போயிற்று, ஜன்னலெல்லாம் முகம். அந்தப் பெண் குனிந்து, ஒரு வாரை அவிழ்த்தாள், மற்றதை அவிழ்த்தாள், இரண்டையும் கோட்டுக்கு வெளியே ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். தணிகாசலம் தன் ஷூக்காலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வீட்டுத் தலைவர் பேர் சொல்லுங்க." "தேசம்மா. நான்தான்." "இன்னும் யார் இருக்கீங்க?" "என் பொண்ணு சுகுணா. வேலைக்குப் போயிருக்குது, சாயங்காலம் வூட்டுக்கு வந்துடும்." பேனா காகிதத்தில் ஊர்கிற சத்தம் கேட்டது. அவள் அது முடிகிறவரை காத்திருக்கவில்லை. சரிந்த தார்ப்பாய்க்கு வெளியே தலையை நீட்டிக் குரல் கொடுத்தாள்.

"ஏ கெஜா! இன்னும் இன்னாடி மூட்ட மேல குந்திக்கினுகீற? அடுத்து உன்னாண்டதான் வராங்க. உன் வூட்டப் பிரி!"